புகையிலை வயலில் கழிவது எது, தங்குவது எது: பூச்சிக்கொல்லி எச்சமும் உலோகங்களும்

பல ஆண்டுகள் தொடர்ந்து புகையிலை பயிரிடப்பட்ட நிலத்தில் பூச்சிக்கொல்லி எச்சமும் காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களும் எவ்வளவு தங்கியிருக்கும், அவை இலைக்கு எப்படி ஏறுகின்றன, பரிசோதனைக்குக் கொடுக்கும்போது எதையெல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும், அதே நிலத்தில் பிறகு உணவுப் பயிர் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பூச்சிக்கொல்லி, உலோகம் ஆகிய இரண்டையும் ஒரே கேள்வியில் சேர்த்துக் கேட்பது வழக்கம்தான். ஆனால் பதில் சொல்லும்போது இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். பூச்சிக்கொல்லி எச்சம் என்பது பெரும்பாலும் கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே எத்தனை நாள் விடப்பட்டது என்பதைப் பொறுத்தது. அது விவசாயியின் கையில் இருக்கிறது. உலோகம் அப்படியன்று. அது அந்த மண்ணின் தாய்ப்பாறையிலிருந்தும், தலைமுறை தலைமுறையாகப் போட்ட உரத்திலிருந்தும், காற்றில் வந்து படிந்த தூசியிலிருந்தும் சேர்ந்தது. ஒரு பருவத்தில் கவனமாக இருந்துவிட்டதால் அது குறைந்துவிடாது.

முதலில் இலையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எச்சம் என்ற பேச்சில் புகையிலை மற்ற எந்தப் பயிரோடும் ஒப்பிட முடியாத இடத்தில் நிற்கிறது. இலை அகலமானது, எடைக்கு மேற்பரப்பு மிக அதிகம், அந்த மேற்பரப்பு முழுவதும் பசை சுரக்கும் நுண்ணிய மயிர்கள் நிறைந்தது. அரை நாள் இலை பறித்தவரின் விரல்களில் கறுப்பாக ஏறும் பிசின் அந்த மயிர்களிலிருந்து வருவதுதான். சோப்புப் போட்டாலும் எளிதில் போகாது. தெளித்த மருந்தையும் பறந்து வந்த தூசியையும் அதே பசைதான் பிடித்து வைத்துக்கொள்கிறது. பறித்த பிறகு காய்கறியைப் போல இலையைக் கழுவுவதில்லை, தோல் சீவுவதில்லை, வேக வைத்து நீரை வடிப்பதும் இல்லை. மாறாக, உலர்த்துகிறார்கள். பச்சை இலையில் எண்பது முதல் தொண்ணூறு விழுக்காடு நீர் என்பதால், நூறு கிலோ பச்சை இலை உலர்ந்தால் பதினைந்து கிலோ அளவுக்குத்தான் தேறும். பச்சை இலையில் கிலோவுக்கு 1 மி.கி. இருந்த ஒரு மருந்து, சிதையாமலும் ஆவியாகாமலும் இருந்தால், உலர்ந்த இலையில் 6 அல்லது 7 மி.கி. ஆகிவிடும். எனவே, உணவுப் பொருளுக்கான எச்ச வரம்பை எடுத்துவந்து உலர்ந்த புகையிலையின் அறிக்கைக்கு நேராக வைத்துப் பார்ப்பது தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

சூளையில் பதப்படுத்தும்போது வெப்பம் இறுதியில் எழுபது டிகிரி செல்சியஸையும் தாண்டுகிறது. எளிதில் ஆவியாகும் மருந்துகளில் ஒரு பகுதி அப்போது வெளியேறிவிடும். வெயிலில் காயும் இலையில் ஒளிபட்டுச் சிதைவதும் உண்டு. ஆனால் இலைக்குள் ஊடுருவிப் பாயும் வகை மருந்துகள் இதில் அவ்வளவு எளிதாகக் கழிவதில்லை. அசுவினிக்கு நாற்றங்காலிலோ நடவின்போதோ கொடுக்கப்படும் இமிடாகுளோபிரிட், நீலப்பூஞ்சண நோய்க்கும் கருந்தண்டு அழுகலுக்கும் பயன்படும் மெட்டலாக்சில் ஆகியவை உலர்ந்த இலையில் அடிக்கடி அகப்படுவதற்கு இதுவே காரணம்.

இந்தப் பட்டியலில் தனித்துப் பேச வேண்டியது மாலிக் ஹைட்ரசைடு. பூங்கொத்து வந்ததும் நுனி கிள்ளினால், இலைக் கணுக்களில் பக்கச் சிம்புகள் கிளம்பும். அவற்றைக் கையால் ஒடித்துக்கொண்டே இருப்பது பெரிய வேலை. அந்த வேலையை மிச்சப்படுத்தத்தான் செல் பிரிதலை நிறுத்தும் இந்த மருந்து தெளிக்கப்படுகிறது. பிரச்சினை அது தெளிக்கப்படும் நேரத்தில் இருக்கிறது: பயிரின் கடைசிக் கட்டத்தில், மேல் இலைகளின் மீது, பறிப்புக்குச் சில நாட்களுக்கு முன் தெளிக்க வேண்டியிருக்கிறது. இலைக்குள் போன பிறகு அது மெதுவாகவே குறையும். இலை உலர்ந்த பிறகு மற்ற பூச்சிக்கொல்லிகள் கிலோவுக்கு மில்லிகிராமின் பின்னங்களில் இருக்கும்போது, இது மட்டும் பத்துக் கணக்கான மில்லிகிராம்களில் இருப்பது சாதாரணம். பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட புகையிலை ஆய்வுக் கூட்டமைப்பான கோரெஸ்டா வெளியிடும் வழிகாட்டு அளவே இதற்குக் கிலோவுக்கு 80 மி.கி. என்று இருக்கிறது. சிம்பு கட்டுப்படுத்தக் கொழுப்பு ஆல்கஹால்களையும், கணுவில் பட்டால் மட்டும் வேலை செய்யும் பென்டிமெத்தலின், புளூமெட்ராலின் போன்றவற்றையும் பயன்படுத்தி மாலிக் ஹைட்ரசைடின் அளவைப் பாதியாகக் குறைக்கலாம். ஆனால் அந்த மருந்துகள் தண்டு வழியே வழிந்து ஒவ்வொரு கணுவையும் நனைக்க வேண்டும் என்பதால் கைவேலை கூடுகிறது. எச்சத்துக்கும் கூலிக்கும் இடையில் விவசாயி செய்யும் இந்தப் பேரம் எந்த ஆய்வறிக்கையிலும் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை.

வழிகாட்டு அளவு என்றேன், வரம்பு என்று சொல்லவில்லை. அந்தச் சொல் வேறுபாடு முக்கியமானது. புகையிலை உணவு அன்று என்பதால், உணவுக்கான பன்னாட்டுத் தரநிலை அமைப்பான கோடெக்ஸ் அதற்கு எச்ச வரம்பு எதுவும் வகுக்கவில்லை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் அதே காரணத்தால் புகையிலைக்கு எச்ச வரம்பு விதிப்பதில்லை. அங்கே 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட குறிப்பிட்ட சில மருந்துகளுக்கு மட்டும், சூளையில் பதப்படுத்திய வகையிலும், காற்றில் உலர்த்தும் பர்லி வகையிலும் சோதனைக்கு ஏற்பாடு செய்தது. உள்நாட்டில் வரம்பு வைத்துள்ள நாடுகள் சில உண்டு. மற்றபடி, 2003இல் முதலில் வெளியாகி அவ்வப்போது திருத்தப்படும் கோரெஸ்டா பட்டியலைத்தான் இலை வாங்குவோர் பின்பற்றுகிறார்கள். அந்தப் பட்டியல் நல்ல வேளாண் முறையைப் பின்பற்றினால் எவ்வளவு எச்சம் மிஞ்சக்கூடும் என்பதை வைத்து எழுதப்பட்டது. புகைப்பவருக்கு எவ்வளவு பாதுகாப்பானது என்பதைக் கணக்கிட்டு எழுதப்பட்டதன்று. ஆகவே, "வழிகாட்டு அளவுக்குள் இருக்கிறது" என்ற அறிக்கைக்கு, விவசாயி மருந்தை முறைப்படி பயன்படுத்தியிருக்கிறார் என்பதற்கு மேல் பொருள் கிடையாது.

இனி மண். இன்று புழக்கத்திலுள்ள பெரும்பாலான பூச்சிக்கொல்லிகள் மண்ணில் வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ பாதியாகக் குறைபவை. ஆனால் பழைய குளோரின் சேர்மங்களின் கதை வேறு. டி.டி.டி. மண்ணில் பாதியாகக் குறையவே இரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வரை ஆகலாம். அது சிதைந்து உருவாகும் டி.டி.இ. அதைவிடப் பிடிவாதமானது. டி.டி.டி., ஆல்ட்ரின், டைல்ட்ரின், ஹெப்டாகுளோர் ஆகியவை நீண்டகாலம் சிதையாமல் தங்கும் மாசுகளைக் கட்டுப்படுத்த 2004இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தொடக்கப் பட்டியலிலேயே இடம்பெற்றன. எண்டோசல்பான் 2011இல் சேர்க்கப்பட்டது. தடை செய்யப்பட்ட மருந்து இலையில் அகப்பட்டால் உடனே திருட்டுத்தனமாகத் தெளித்ததாக முடிவு கட்டுவார்கள். ஆனால் டி.டி.டி.யைவிட டி.டி.இ. மிகுதியாக இருந்தால் அது பெரும்பாலும் பழைய கடன், டி.டி.டி. மேலோங்கியிருந்தால்தான் அண்மைப் பயன்பாட்டைச் சந்தேகிக்க வேண்டும். இந்த விகிதத்தைக் கேட்டு வாங்காமல் ஒருவரைக் குற்றம் சாட்டக் கூடாது.

பூச்சிக்கொல்லியே உலோகமாக மண்ணில் தங்கிய ஒரு காலமும் உண்டு. டி.டி.டி. வருவதற்கு முன், அமெரிக்கப் புகையிலை வயல்களில் கொம்புப் புழுவுக்கு ஈய ஆர்செனேட் தூவினார்கள். 1932க்கும் 1951க்கும் இடையில் அந்நாட்டு சிகரெட்டுகளில் ஆர்செனிக் அளவு மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்ததாக 1956இல் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. பிறகு அந்த மருந்தின் பயன்பாடு நின்று, இலையிலும் ஆர்செனிக் குறைந்தது. ஆனால் ஈயமும் ஆர்செனிக்கும் தனிமங்கள், அவை சிதைவதில்லை. அத்தகைய நிலங்களின் மேல் மண்ணில் அவை இன்றும் இருக்கின்றன. இயற்கை வேளாண்மையில் அனுமதிக்கப்படும் செம்புக் கலவைகளுக்கும் இதே நியதிதான். இயற்கை முறையில் விளைந்த புகையிலை என்ற முத்திரையைப் பார்த்து உலோகம் இருக்காது என்று நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்: செடி காட்மியத்தை எடுக்கும்போது உரம் எந்தக் கடையிலிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை.

காட்மியத்துக்கு வருவோம், ஏனென்றால் உலோகங்களில் புகையிலையின் தனிக் கூட்டாளி அதுதான். பெரும்பாலான பயிர்கள் வேருக்குள் வந்த காட்மியத்தை வேரிலேயே அடைத்து வைக்கும். புகையிலையோ அதன் பெரும்பகுதியை இலைக்கு அனுப்பிவிடுகிறது. செடிக்குத் துத்தநாகம் தேவை, காட்மியம் தேவையில்லை. ஆனால் இரண்டும் வேதியியலில் நெருங்கிய உறவு என்பதால், வேரிலிருந்து துத்தநாகத்தைச் சாற்றுக் குழாய்க்குள் ஏற்றும் எச்.எம்.ஏ.4 என்னும் புரதம் காட்மியத்தையும் சேர்த்தே ஏற்றிவிடுகிறது. அந்த மரபணுவைச் செயலிழக்கச் செய்த செடிகளில் இலைக் காட்மியம் வெகுவாகக் குறைந்தது; துத்தநாகம் கிடைக்காமல் செடி நலிவதும் கூடவே வந்தது. சிகரெட்டுக்குப் பயிராகும் நிகோட்டியானா டபாகம் இப்படி நடந்துகொள்கிறது. நிகோட்டியானா ரஸ்டிகா என்னும் மற்றோர் இனம் காட்மியத்தைக் கூடுதலாக வேரில் நிறுத்திக்கொள்கிறது. விளைவு என்னவென்றால், மண்ணில் கிலோவுக்கு 0.3 மி.கி. மட்டுமே காட்மியம் உள்ள, எந்த வகையிலும் மாசுபட்டதென்று சொல்ல முடியாத நிலத்திலும் உலர்ந்த இலையில் 1 அல்லது 2 மி.கி. இருக்கலாம். மண்ணைவிட இலையில் அதிகம்! ஒரே செடியிலும் முதிர்ந்த அடி இலைகளில் கூடுதலாகவும் மேல் இலைகளில் குறைவாகவும் இருக்கும்.

இது புகையில் போய் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சிகரெட்டில் 0.7 கிராம் புகையிலை, அதில் கிலோவுக்கு 2 மி.கி. காட்மியம் என்று கொண்டால், ஒரு சிகரெட்டில் 1.4 மைக்ரோகிராம். புகையை இழுக்கும்போது கங்கின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. காட்மியத்தின் கொதிநிலை 767 டிகிரி. எனவே அது சாம்பலில் தங்காமல் புகையோடு கிளம்பிவிடுகிறது. அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உள்ளே இழுக்கப்படுகிறது, அதில் பாதியளவு நுரையீரல் வழியே இரத்தத்தில் சேர்கிறது என்று கொண்டால், நாளுக்கு இருபது சிகரெட் புகைப்பவரின் உடலில் நாளொன்றுக்கு 1.4 மைக்ரோகிராம் சேரும். உணவில் நாளொன்றுக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் போனாலும் குடல் அதில் ஐந்து விழுக்காட்டளவே உறிஞ்சுகிறது, அதாவது 0.5 முதல் 1 மைக்ரோகிராம்தான். புகைப்பவர்களின் உடலில் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு காட்மியம் இருப்பதற்கான விளக்கம் இந்தச் சிறிய கணக்கிலேயே கிடைத்துவிடுகிறது. அது சிறுநீரகத்தில் பத்து முதல் முப்பது ஆண்டுகள் கழித்தே பாதியாகக் குறைகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

மண்ணுக்குக் காட்மியம் வரும் முக்கிய வழி மணிச்சத்து உரம். பாஸ்பேட் பாறையில் காட்மியம் இயல்பாகவே கலந்திருக்கிறது. கடலடிப் படிவுப் பாறைகளில் அதிகம், ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் வெட்டப்படுவது போன்ற தீப்பாறைகளில் (பாறைக்குழம்பு இறுகி உருவானவை) மிகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் மணிச்சத்து ஒரு கிலோவுக்கு 60 மி.கி. காட்மியம் என்பதே உச்ச வரம்பு. அந்த வரம்பிலுள்ள உரத்தை ஹெக்டேருக்கு 60 கிலோ மணிச்சத்து வரும்படி போட்டால், ஆண்டுக்கு 3.6 கிராம் காட்மியம் மண்ணில் சேர்கிறது. ஹெக்டேருக்கு 2,000 கிலோ உலர் இலை எடுத்து, அதில் கிலோவுக்கு 2 மி.கி. இருந்தால், வெளியே போவது 4 கிராம். உரத்தில் வந்தது ஏறக்குறைய அப்படியே இலையில் ஏறி வெளியேறிவிடுகிறது. ஆனால் இருபது சென்டிமீட்டர் ஆழ மேல்மண்ணின் எடை ஹெக்டேருக்குச் சுமார் 26 லட்சம் கிலோ, கிலோவுக்கு 0.3 மி.கி. என்றால் அங்கே ஏற்கெனவே இருப்பது 780 கிராம். மாசுபட்ட நிலத்தில் புகையிலையைப் பயிரிட்டே காட்மியத்தை உறிஞ்சி எடுத்துவிடலாம் என்ற யோசனையை அடிக்கடி கேட்கிறேன். உரமே போடாமல் ஆண்டுக்கு 4 கிராம் எடுத்தாலும், அந்த 780 கிராமில் பாதியைக் குறைக்க நூறு ஆண்டுகளுக்குக் கிட்ட ஆகும். அந்த இலையை என்ன செய்வது என்ற கேள்வி அதற்குப் பிறகும் இருக்கும்.

ஆனால் மண்ணில் உள்ள 780 கிராமும் செடிக்குக் கிடைப்பதில்லை. எவ்வளவு கிடைக்கிறது என்பதை மண்ணின் கார அமில நிலைதான் (pH) பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 5.0 என்ற அளவில் தாராளமாகக் கரைந்து வரும் காட்மியம் 6.5இல் மண் துகள்களோடு ஒட்டிக்கொண்டுவிடும். வெளிர் நிற இலைக்கு ஏற்றவை என்று கருதப்படும் மணற்பாங்கான, சற்றே அமிலத்தன்மையுள்ள, மட்கு குறைந்த மண்கள்தாம் காட்மியத்தைச் செடிக்குத் தாராளமாக விட்டுக்கொடுப்பவை. அமோனியம் வகைத் தழைச்சத்து உரங்கள் காலப்போக்கில் அமிலத்தன்மையை மேலும் கூட்டுகின்றன. சுண்ணாம்பு இடுவதும் மட்கைக் கூட்டுவதும் துத்தநாகப் பற்றாக்குறையைச் சரிசெய்வதும் இலைக் காட்மியத்தைக் குறைக்க விவசாயி செய்யக்கூடியவை. குளோரைடு மண்ணில் காட்மியத்தோடு சேர்ந்து அதைக் கரைசலிலேயே வைத்திருக்கும். நல்லவேளையாக, குளோரைடு மிகுந்த இலை சரியாக எரியாது என்பதால் புகையிலைக்காரர்கள் நெடுங்காலமாகவே பொட்டாசியம் குளோரைடைத் தவிர்த்துச் சல்பேட்டாகத்தான் சாம்பல் சத்து கொடுக்கிறார்கள். உப்பான கிணற்று நீர் பாய்ச்சினால் அந்த நன்மை போய்விடும்.

ஈயத்துக்கு இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. அது வேர் வழியே ஏறுவது அற்பம். இலையில் காணப்படும் ஈயத்தில் பெரும்பகுதி காற்றிலிருந்தும் மண் தூசியிலிருந்தும் ஒட்டிக்கொண்டது. பெட்ரோலில் ஈயம் கலப்பது உலகெங்கும் முற்றாக நின்றது 2021இல்தான். கதிரியக்கத் தனிமமான பொலோனியம்-210உம் இலையின் பசை மயிர்களின் வழியே வருவதுதான். பாஸ்பேட் பாறையிலுள்ள யுரேனியத்தின் வழித்தோன்றலான ரேடான் வாயு காற்றில் சிதைந்து, ஈயம்-210 ஆகி, பசையுள்ள இலையில் படிகிறது. 22 ஆண்டு அரை ஆயுள் கொண்ட அதிலிருந்து 138 நாள் அரை ஆயுள் கொண்ட பொலோனியம் உருவாகிறது. ராட்ஃபோர்டு, ஹன்ட் என்ற ஆய்வாளர்கள் 1964இலேயே இதைச் சிகரெட் புகையில் கண்டு எழுதினார்கள்.

பரிசோதனைக்கு வருவோம். இலையைக் கொடுக்கும்போது அடி, நடு, மேல் இலைகளைக் கலக்காமல் தனித்தனியாகக் கொடுங்கள். காட்மியத்துக்கு அடி இலையும், மாலிக் ஹைட்ரசைடுக்கு மேல் இலையும் மிக மோசமான நிலையைக் காட்டும். பல மருந்துகளை ஒரே ஓட்டத்தில் பார்க்கும் சோதனையில் மாலிக் ஹைட்ரசைடும், மாங்கோசெப் அடங்கிய டைதயோகார்பமேட் வகைப் பூஞ்சணக்கொல்லிகளும் பொதுவாக அடங்கா. அவற்றுக்குத் தனி முறை வேண்டும், தனியாகக் கேட்க வேண்டும். "கண்டறியப்படவில்லை" என்று வந்தால், கண்டறியும் குறைந்த அளவு எவ்வளவு என்று கேளுங்கள். நிக்கோட்டினும் மெழுகும் நிறமிகளும் நிறைந்த புகையிலைச் சாறு கருவியைத் தடுமாறச் செய்யும் என்பதால், அந்த அளவு காய்கறியைவிட உயர்வாகவே இருக்கும். உலோகங்களோடு அலுமினியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அலுமினியமும் இரும்பும் ஈயமும் சேர்ந்து உயர்ந்திருந்தால், இலையில் மண் ஒட்டியிருக்கிறது என்று பொருள். ஈயம் மட்டும் உயர்ந்திருந்தால் வேறு மூலத்தைத் தேட வேண்டும். மண்ணில் மொத்தக் காட்மியத்தோடு, செடிக்குக் கிடைக்கக்கூடிய பங்கைக் காட்டும், டி.டி.பி.ஏ. கரைசலில் பிரியும் அளவையும் கார அமில நிலையையும் சேர்த்துக் கேளுங்கள். மொத்த அளவு மட்டும் எழுதிய அறிக்கையை வைத்து இலையில் எவ்வளவு ஏறும் என்று சொல்ல முடியாது.

அந்நிலத்தில் உணவுப் பயிர் செய்வதற்குப் பெரும்பாலும் தடை எதுவும் இல்லை. மேலே சொன்ன 0.3 மி.கி. அளவிலுள்ள மண் சாதாரண மண்தான். காட்மியத்தைத் தேடி எடுத்தது புகையிலை. எனினும் முதலில் எதைப் போடுவது என்பதில் யோசனை வேண்டும். கீரைகளும் கிழங்குகளும் காட்மியத்தைக் கூடுதலாக எடுப்பவை. இலைக் காய்கறிகளுக்குக் கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.2 மி.கி. மட்டுமே. பயறு வகைகளும் பழக் காய்கறிகளும் குறைவாக எடுப்பவை. மக்காச்சோள மணியில் ஏறுவதும் மிகக் குறைவு. பழைய குளோரின் மருந்துகள் அறிக்கையில் இருந்தால் பூசணி, சுரைக் குடும்பத்தைத் தவிருங்கள். டைல்ட்ரினை மண்ணிலிருந்து வேர் வழியே காய்க்கு ஏற்றும் பழக்கம் அந்தக் குடும்பத்துக்கு உண்டு. கடைசிப் புகையிலைக்குச் சல்பென்ட்ராசோன் போன்ற நீடித்த களைக்கொல்லி போட்டிருந்தால், அது மண்ணில் ஓராண்டுக்கும் மேல் வேலை செய்யும். எனவே முழு வயலிலும் விதைப்பதற்கு முன், அந்த மண்ணை நான்கைந்து தொட்டிகளில் எடுத்து, போட நினைக்கும் பயிரின் விதையையே ஊன்றி, மூன்று வாரம் நாற்றின் இலை வெளுக்கிறதா என்று பாருங்கள்.